பழைய குடும்பப் படத்தில் மங்கிப்போன கையெழுத்தைப் படிக்க

சுவரில் தொங்கும் கொள்ளுத்தாத்தா படத்தின் அடியில் ஏதோ எழுதியிருப்பது போலத் தெரிந்தால், எல்லாருடைய கையும் முதலில் போவது சட்டத்தின் பின்னால் இருக்கும் ஆணிகளுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலானவற்றின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் ஊர்ப் புழுக்கத்தில் பல பத்தாண்டுகள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எழுத்தைப் படிக்கப் போய் ஆளையே இழக்கக் கூடாது.

அதனால் படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்த்துப் பார்க்கும்போது சில இடங்கள் மட்டும் நனைந்தது போல அடர்த்தியாக, பளபளப்பாகத் தெரிந்தால் அங்கே ஒட்டியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் கழற்றாமலேயே கண்ணாடி வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். ஒட்டவில்லை, பின்பலகையும் தளர்வாக இருக்கிறது என்றால், படத்தைக் குப்புற வைத்துத் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம். அப்போது பலகைக்கும் படத்துக்கும் நடுவே செருகியிருக்கும் பழைய செய்தித்தாளையோ பஞ்சாங்கத் தாளையோ தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்டம் போட்டவர் கையில் அன்று கிடைத்த தாள் அது. அந்தத் தேதிக்கு முன்னால் இந்தச் சட்டம் போட்டிருக்க முடியாது என்கிற ஒரு சான்று இலவசமாகக் கிடைக்கிறது.

எழுத்து எங்கெல்லாம் இருக்கலாம்

நாம் தேடுவது ஒரே இடத்தில் இருக்காது. படத்தை ஒட்டியிருக்கும் தடித்த அட்டையின் கீழ் ஓரம், அட்டையின் முதுகு, சட்டக்காரர் பின்னால் ஒட்டிய பழுப்புத் தாள், பலகை என எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும். அட்டையில் ஸ்டூடியோவின் பெயர் மை இல்லாமல் அழுத்தி அச்சிட்டிருப்பார்கள். நேராகப் பார்த்தால் வெறும் அட்டையாகவே தெரியும்.

படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் பெயரோ எண்ணோ இருந்தால், அது படத்தில் எழுதியது அல்ல, நெகட்டிவில் கறுப்பு மையால் எழுதியது. நெகட்டிவின் பூச்சுப் பக்கத்தில் எழுதும்போது எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும். அதனால் இவ்வகை எழுத்தில் ஒன்றிரண்டு எழுத்து தலைகீழாகவோ திரும்பியோ இருப்பது சகஜம். படிக்க முடியாத வெள்ளை எழுத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி ஒருமுறை பாருங்கள்.

பூஜை அறையில் இருந்த படம் என்றால் சந்தனமும் குங்குமமும் எழுத்தின் மேலேயே இருக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் என்றால், அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, லேசாக ஈரமான துணியால் துடைக்கலாம். தெளிப்பானை அடிக்காதீர்கள், ஓரத்தின் வழியே நீர் உள்ளே இறங்கும். தாளின் மேலேயே பட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

ஓலைச்சுவடி படித்த வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: கரியையோ இலைச்சாற்றையோ பூசித் துடைத்தால் எழுத்து தெரியும் என்பார்கள். ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளம் இருக்கிறது, கரி அதில் தங்கும், அதனால் அங்கே அது சரி. தாளில் மை மேலாக நிற்கிறது. பூசினால் எல்லாமே கறுக்கும். எலுமிச்சைச் சாறு, பவுடர், பென்சில் தூள் எதுவும் வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூலகங்களில் அழிந்த எழுத்தை மீட்க இதே மாதிரி ரசாயனம் தடவிப் பார்த்தார்கள். அன்று ஒருமுறை படிக்க முடிந்த ஏடுகள் பல, பிறகு நிரந்தரமாகக் கறைபட்டுப் போயின.

மையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

எந்த மை என்று தெரிந்தால் பாதி வேலை குறையும். மங்கிய பழுப்பு நிறம் என்றால் அநேகமாக இரும்புச் சத்தும் துவர்ப்பும் சேர்ந்த மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சியது இந்த வகைதான். கறுப்பாக எழுதப்பட்டுக் காலப்போக்கில் பழுப்பேறிவிடும். ஊதா நிறம் என்றால் சாய மை, அல்லது காப்பியிங் பென்சில். இந்தப் பென்சில் எழுத்தின் மேல் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் பளிச்சென்று ஊதாவாகிப் பரவிவிடும், விரல் ஈரம் கூட ஆபத்து. நீலம் என்றால் பேனா மை. அதில் சாயம் மட்டும் உள்ள வகை வெயிலில் வெளிறிச் சுத்தமாகப் போய்விடும், நீலக்கறுப்பு வகை பழுப்பாகவாவது மிஞ்சும். சாம்பல் நிறத்தில், சாய்த்தால் மினுக்கினால் அது சாதாரணப் பென்சில். பென்சில் வெளிறாது. தேய்ந்துதான் போகும்.

பால்பாயிண்ட் பேனாவால் பிற்காலத்தில் யாராவது எழுதியிருந்தால், மை போனாலும் அழுத்திய பள்ளம் நிற்கும். அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1930-களில் எடுத்த படத்தில் பால்பாயிண்ட் எழுத்து இருந்தால், அது படம் எடுத்தபோது எழுதியது இல்லை. பேரனோ மருமகளோ கேள்விப்பட்டதைப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவலுக்கு அதற்குரிய மதிப்பு மட்டும் கொடுங்கள்.

வெளிச்சம்

இதற்குச் செல்போன் போதும். நல்ல கேமரா இருந்தால் நல்லது, ஆனால் வித்தியாசம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி அதன் மேல் படுக்க வைத்து, டைமர் போட்டு எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

முதல் போட்டோ ஜன்னல் ஓரத்து நிழல் வெளிச்சத்தில், நேராக. நிறம் சரியாகப் பதிய வேண்டியது இதில்தான், பின்னால் கணினியில் செய்யும் வேலை எல்லாம் இதை நம்பித்தான். கண்ணாடி பிரதிபலித்தால் ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, துணியைப் போனுக்கு முன்னால் தொங்கவிட்டு எடுங்கள். உங்கள் சட்டையும் விசிறியும் படத்தில் விழாது.

அடுத்தது இருட்டில். அறையை மூடிவிட்டு இன்னொரு போனின் டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பேனா முள் கீறிய தடம், அழுத்தி அச்சிட்ட ஸ்டூடியோ பெயர், பென்சில் பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து, கீழிருந்து என நான்கு பக்கமும் எடுங்கள். ஒரு திசையில் தெரியும் கோடு இன்னொரு திசையில் மறையும். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம் என்பதால் ஒரே திசை வெளிச்சத்தை நம்பிப் படித்தால் சுழியின் பாதி காணாமல் போகும்.

மூன்றாவது, ரூபாய் நோட்டு சோதிக்க விற்கும் புற ஊதா டார்ச். இரும்பு மைக்கு இது மாதிரி வேறு எதுவும் உதவாது. தாள் மெல்ல ஒளிரும், மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வரிகூட முழுசாக எழுந்து வருவதுண்டு. 365 நானோமீட்டர் என்று போட்ட டார்ச் வாங்குங்கள். மலிவான 395 வகையில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். கண்ணில் நேராக அடிக்கக் கூடாது, போட்டோ எடுக்கத் தேவையான சில நொடிகளுக்கு மேல் படத்தின் மேலும் காட்ட வேண்டாம். கூடவே ஒரு பயன்: தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட படத்தாள்கள் 1950-களில்தான் பரவலாயின. தாத்தாவின் 1920-ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் என்று வீட்டில் சொல்வது இப்படி ஒளிர்ந்தால், கையில் இருப்பது பின்னால் போட்ட நகல்.

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-யில் ஒன்று எடுத்து வையுங்கள். வளைந்த அட்டையை மூடியால் அழுத்தி ஸ்கேன் செய்ய வேண்டாம், பூச்சு விரிசல் விடும்.

கணினியில்

எடுத்த போட்டோவின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத் தடங்களாகப் பிரித்துப் பாருங்கள். பழுப்பு மை நீலத் தடத்தில் கறுப்பாகத் தெரியும். நீல மை சிவப்புத் தடத்தில். ஊதா மை பச்சைத் தடத்தில். தாள் திட்டுத் திட்டாகப் பழுப்பேறியிருந்தால் நீலத் தடம் கறையையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும், அப்போது பச்சையைப் பாருங்கள். பிறகு லெவல்ஸ் பகுதியில் இரண்டு முனையையும் நடுவே தள்ளினால் வேற்றுமை கூடும்.

இன்னும் ஒரு படி மேலே போக டிஸ்ட்ரெட்ச் இருக்கிறது. பாறை ஓவியங்களைப் பார்ப்பதற்காக ஜான் ஹார்மன் என்பவர் இமேஜ்ஜே மென்பொருளுக்கு எழுதிய இணைப்பு அது. பாறையில் கண்ணுக்குத் தெரியாத செங்காவி நிறத்தைப் பிரித்துக் காட்டுவது போலவே, பழுத்த தாளில் பழுத்த மையையும் பிரித்துவிடும். மங்கிய பழுப்புக்கு ஒய்.டி.எஸ்., எல்.டி.எஸ். என்ற அமைப்புகளையும் கறுப்பு, நீலத்துக்கு ஒய்.பி.கே.-வையும் போட்டுப் பாருங்கள். வரும் நிறம் கண்ணைப் பறிக்கும் பச்சையும் இளஞ்சிவப்புமாக இருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவால் ‘தெளிவாக்கித் தரும்’ செயலிகளை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். முகத்துக்கு அவை எப்படியோ, எழுத்துக்கு விஷம். இல்லாத கோட்டை அழகாக வரைந்து வைத்துவிடும், அதுவும் பழைய தமிழ் கையெழுத்தில் அதற்குப் பழக்கம் குறைவு. நிறத்தை மாற்றுவது இருப்பதை எடுத்துக் காட்டுவது, தெளிவாக்குவது ஊகித்து நிரப்புவது. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும்.

எழுதியெடுப்பது

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். படத்தில் இருப்பது யார் என்று ஏற்கெனவே ஒரு நினைப்பு இருக்கும். அந்தப் பெயரை எழுத்தில் தேடுவார்கள், தேடினால் கிடைத்தும் விடும். மங்கிய எழுத்து நாம் கேட்பதற்கெல்லாம் ஆமாம் போடும். ஆகவே என் விதி ஒன்றே ஒன்று: பெயரைக் கடைசியில் படியுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் பகுதிகளை, அதாவது மங்கலக் குறி, ஆண்டு, மாதம், தேதி, அடைமொழி ஆகியவற்றை முதலில் முடியுங்கள். அவற்றில் சாத்தியங்கள் குறைவு, அதனால் தவறும் குறைவு. அவற்றில் உறுதியான எழுத்துகள்தான் பெயரைப் படிக்க அளவுகோல்.

போட்டோவை ஏ4 தாளில் வரிக்கு ஒரு தாளாகப் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்துக் கண்ணுக்குத் தெரியும் கோட்டை மட்டும் வரையுங்கள். எழுத்தாக நினைத்து வரையாதீர்கள், கோடாக வரையுங்கள். பிறகு படியெடுக்கும்போது உறுதியானதை அப்படியே, சந்தேகமானதைச் சதுர அடைப்புக்குள், தெரியாததை எழுத்துக்கு ஒரு புள்ளியாக எழுதுங்கள். உறுதியான ஒவ்வொரு எழுத்தையும் அச்சிலிருந்து வெட்டி ஒரு தாளில் வரிசையாக ஒட்டினால், அந்தக் கைக்கு உரிய அகரவரிசை கிடைக்கும். இவர் ‘ம’வை மூடுகிறாரா, ‘வ’வைத் திறந்து விடுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

பழைய கை எழுதும் விதம்

பழைய கையெழுத்தில் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. ‘அமமாள’ என்று இருந்தால் அது அம்மாள். ‘பிளளை’ என்றால் பிள்ளை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகவே இருக்கும், ‘பெரன’ என்பது பேரன் ஆகலாம். ரகரமும் காலும் ஒரே கோடு. ஆகவே ‘கர’ என்பதும் ‘கா’ என்பதும் தாளில் ஒன்றுதான், பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

புள்ளி இல்லாத கையில் திடீரென்று ஒரு புள்ளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பழைய தாளில் செம்பழுப்புப் புள்ளிகள் தானாகவே விழும். பெரிதாக்கிப் பார்த்தால் அதன் ஓரம் கலங்கலாக இருக்கும், மைப்புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும்.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் வரை ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தின் வாலையே வளைத்துச் சுழித்துவிடுவார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். சின்ன வயதுக்காரர்கள் இவற்றைப் பார்த்ததே இல்லை என்பதால் வேறு எழுத்தென்று நினைத்துத் தடுமாறுவார்கள். 1978-க்கு முந்தைய ஏதாவது ஒரு பழைய அச்சுப் புத்தகத்தைப் பத்துப் பக்கம் படித்தால் கண் பழகிவிடும். அதே போலக் கிரந்த எழுத்துகள்: இன்று மீனாட்சி என்று எழுதுவதை அன்று மீனாக்ஷி என்றுதான் பெரும்பாலும் எழுதினார்கள்.

தமிழ் எண்களை மனப்பாடம் செய்ய எளிய வழி, அவற்றை எழுத்தாகவே படிப்பது: க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய. ஒன்று முதல் பத்து வரை இதுதான் வரிசை. ‘ககூஙச’ என்று ஒரு புரியாத சொல் தெரிந்தால் அது ௧௯௩௪, அதாவது 1934. பழைய முறையில் எழுதுபவர் ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக் குறி போட்டு ௲௯௱௩௰௪ என்று எழுதியிருப்பார். ௰௫ என்றால் 15. தாளின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ மட்டும் இரண்டு அல்ல, பிள்ளையார் சுழி. கிறிஸ்தவ வீடுகளில் அந்த இடத்தில் சிலுவைக் குறியும், முஸ்லிம் வீடுகளில் 786-ம் இருக்கலாம்.

தேதி

வழக்கமான வாய்பாடு இது: ஆண்டின் பெயர், அதன் பின் ௵, மாதப் பெயர், அதன் பின் ௴, எண், அதன் பின் ௳. மூன்றும் வருஷம், மாதம், நாள் என்பதற்கான குறிகள். கையெழுத்தில் இவை அச்சில் இருப்பது போல இருக்காது, வால் நீண்ட சுழிகளாக இழுத்துவிட்டிருப்பார்கள். வடிவத்தைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் வருவது ௳-ஆகத்தான் இருக்கும். மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. இறந்தவர் படத்தில் ரூபாய்க் குறி இருந்தால் சட்டக்காரரின் கணக்கு அது, கவலை வேண்டாம்.

ஆண்டுப் பெயர்கள் அறுபதே அறுபது. பிரபவ 1927-இல் சித்திரையில் தொடங்கியது, அதற்கு முன் 1867-இல், பின் 1987-இல். இந்த ஒரு புள்ளியிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். தை, மாசி, பங்குனி மூன்றும் மார்கழியின் பிற்பாதியும் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டில் விழும் என்பதை மறக்காதீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் குட்டிப் பெயர்களில். பவ 1934, யுவ 1935, விய 1946, நள 1916. முதல் எழுத்து போய்விட்டால் பவவும் யுவவும் ஒன்றுதான். முன்னால் எழுத்து உதிர்ந்து ‘தாரண’ என்று மட்டும் மிஞ்சினால், அது 1944-ஆக இருக்கலாம். முன்னே ஓர் எழுத்துக்கு இடம் இருந்தால் சாதாரணவாகி 1910-க்கோ 1970-க்கோ போய்விடும். ‘விரோதி’ 1949, ஆனால் அதே சொல் நீண்டு ‘விரோதிகிருது’ என்றால் 1911 அல்லது 1971.

இப்படி இரண்டுக்கும் நடுவே நிற்கும்போது கிழமையையும் திதியையும் கூப்பிடுங்கள். இறந்தவர் படங்களில் திதி எழுதுவது வழக்கம், ஆண்டுதோறும் திவசம் கொடுக்க வீட்டாருக்கு அதுதான் தேவை. ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டுப் பெயரில் ‘[.]வ’ மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஆவணி 15, வெள்ளிக்கிழமை என்று தெளிவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஆவணி 15 ஆகஸ்ட் 30 அல்லது 31-இல் விழும். 1934-இல் அவை வியாழன், வெள்ளி. 1935-இல் வெள்ளி, சனி. கிழமை இரண்டுக்கும் பொருந்தித் தொலைக்கிறது. ஆனால் திதி விட்டுக்கொடுக்காது: அடுத்த வருஷம் அதே தேதியில் திதி ஏறத்தாழ 11 தள்ளி நிற்கும். 1934-இன் அந்த நாட்கள் தேய்பிறை. 1935-இல் அமாவாசை முடிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது, வளர்பிறை. தாளில் ‘பூர்வபக்ஷம்’ என்றோ ‘சுக்கில’ என்றோ ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தால் அது யுவ. ‘அபரபக்ஷம்’, ‘கிருஷ்ண’, ‘பகுள’ என்றால் பவ. பழைய தேதிக்குப் பஞ்சாங்கம் காட்டும் இணையதளங்கள் இப்போது நிறைய உண்டு, இரண்டு தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் நாடு, திருநெல்வேலிப் பக்கத்துப் படம் என்றால் 1110 என்று ஓர் எண் இருக்கும். 1910-ஐத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று திருத்தப் போகாதீர்கள். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் தொடங்குவதால், 1110 என்பது 1934 ஆகஸ்ட் முதல் 1935 ஆகஸ்ட் வரை. நிலத் தகராறு, பட்டா சம்பந்தமாக எழுதிவைத்த குறிப்பில் 1344 என்றிருந்தால் பசலி என்ற நிலவரிக் கணக்கு ஆண்டு: 590 கூட்டுங்கள், 1934 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. முஸ்லிம் குடும்பப் படத்தில் 1353 என்றால் ஹிஜ்ரி, அதுவும் 1934-35 தான்.

அடைமொழிகள்

‘சி.’ என்றால் சிரஞ்சீவி, பையன் அல்லது இளைஞன். ‘சௌ.’ என்றால் சௌபாக்கியவதி, எழுதிய நாளில் அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு இருந்தார். இது சின்ன விஷயம் இல்லை. தாத்தா இறந்த ஆண்டு தெரிந்தால், பாட்டிக்குச் ‘சௌ.’ போட்ட படம் அதற்கு முந்தியது என்று சொல்லிவிடலாம். ‘ம-௱-௱-ஸ்ரீ’ என்பது மகாராஜராஜஸ்ரீ, யாருக்கும் போடும் மரியாதை. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் ராஜ வம்சம் என்று கிளம்பிவிடக் கூடாது. இறப்பைச் சொல்லும் தொடர்கள் சமயத்துக்கு ஏற்ப மாறும்: ‘சிவபதம் அடைந்தது’, ‘பரமபதம்’, ‘கர்த்தருக்குள் நித்திரை’. முதல் எழுத்து கிடைத்தால் முழுத் தொடரையும் நிரப்பலாம், ஆனால் நிரப்பியதை அடைப்புக்குள் போட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண் ஒரு மாதிரியாக இருக்கிறது, மாலை போட்டிருக்கிறது, தேதியோடு திதியும் இருக்கிறது என்றால், அது இறந்த பிறகு எடுத்த படமாக இருக்கலாம். போன நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் தமிழ்நாட்டில் அப்படி எடுப்பது உண்டு. பலருக்கு வாழ்நாளில் அது ஒன்றே படம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்கும்போது பக்குவமாகக் கேளுங்கள்.

செட்டிநாட்டுப் படங்களில் பெயருக்கு முன்னால் நாலைந்து முதலெழுத்து இருக்கும். அது விலாசம், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது, பர்மா, மலாயாக் கடைகளுக்கும் அதுவே பெயர். அதில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு குடும்பம்.

கடைசியில் பெயர்

‘…க்ஷி அமமாள’ என்று மிஞ்சியிருக்கிறது, ‘க்ஷி’க்கு முன்னால் ஒரு கோட்டின் துணுக்கும் தெரிகிறது. வீட்டில் கேட்டால் ஒருவர் மீனாட்சி என்பார், இன்னொருவர் காமாட்சி என்பார், மூன்றாமவர் விசாலாட்சி என்று அடித்துச் சொல்வார். நீங்கள் அளவுகோலை எடுங்கள். அதே வரியில் உறுதியான எழுத்துகளின் அகலத்தை அளந்து, வரியின் தொடக்கத்திலிருந்து ‘க்ஷி’ வரை எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று எழுத்துக்கு இடம் இருந்தால் விசாலாட்சிக்கு வாய்ப்பு. இரண்டே எழுத்துக்குத்தான் என்றால் மீனாட்சியா, காமாட்சியா என்பது வரிக்கு மேலே தீரும். ‘மீ’யின் சுழி வரியைத் தாண்டி மேலே ஏறும், ‘கா’வில் அப்படி எதுவும் கிடையாது. புற ஊதாப் போட்டோவில் எழுத்துக்கு மேலே மயிரிழை போல ஒரு வளைவின் துணுக்கு தெரிந்தாலே போதும். அப்புறம் ‘னா’. பழைய வடிவத்தில் அதற்குத் தனிக் கால் இல்லை, வாலைச் சுழித்திருக்கும், ‘மா’வுக்குக் கால் நேராக நிற்கும். ‘க்ஷி’க்கு முன்னால் மிஞ்சியிருப்பது நேர்க்கோடா, சுழியா? அந்த ஒரு கோடு பாட்டியின் பெயரைச் சொல்லிவிடும்.

இதற்குப் பிறகுதான் பெரியவர்களிடம் போக வேண்டும். போகும்போது உங்கள் படிப்பைச் சொல்லாதீர்கள். ‘இது மீனாட்சிப் பாட்டிதானே?’ என்று கேட்டால் தொண்ணூறு வயதுக்காரர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். படத்தைக் கையில் கொடுத்து, ‘இவங்க யாரு அத்தை?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்பது இன்னும் நல்லது.

எழுத்துச் சான்றும் தேடுங்கள். கிரயப் பத்திரம், ஜாதக நோட்டு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல் ஆகியவற்றில் பெயர் அன்று எழுதிய விதத்திலேயே இருக்கும். மொய் நோட்டில் கையெழுத்தும் ஒத்துப்போனால் படத்தில் எழுதியவர் யார் என்றே தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால், அந்தியேட்டி என்ற ஈமச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைத் தேடுங்கள். அதில் உள்ள திதி வெண்பாவில் ஆண்டும் மாதமும் திதியும் செய்யுளாகவே இருக்கும், ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணைய நூலகத்தில் இவை நிறையக் கிடைக்கின்றன. ஸ்டூடியோ அட்டையை ஒப்பிட, புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு டிஜிட்டல் ஆக்கிய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் பார்க்கலாம்.

முடித்ததும் மங்கிய எழுத்தின் மேல் பேனாவை ஓட்டிப் புதுப்பிக்காதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். ஒரு தனித் தாளில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிப் படத்தோடு வையுங்கள்: அடைப்புகளும் புள்ளிகளுமாக நீங்கள் படியெடுத்தது, அதிலிருந்து நீங்கள் நினைப்பது, யார் என்ன சொன்னார்கள் என்பது. மூன்றையும் கலக்க வேண்டாம். கண்ணாடி மாற்றிச் சட்டம் போடும்போது ஓரத்தில் அட்டைச் சட்டகம் வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெளிச்சுவரில், குறிப்பாக மழைச் சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள்.